பச்சை பிடித்ததா என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில் சுவீடன் நாட்டுக் காடுகளைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. வருடத்துக்குச் சுமார் 40 கோடி மரக்கன்றுகள் நடுகிறார்கள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தில் கீழே, சென்னையில் நடந்த மரக்கன்று நடும் விழா ஒன்றின் படமும் செய்தியும். அதிலும் இத்தனை ஆயிரம் கன்றுகள் என்று ஒரு எண். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

40 கோடி என்பது தப்பில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. என் மகள் உமெயோவில் இருக்கிறாள். சுவீடனின் வடக்கே, கடலை ஒட்டிய ஊர். 1888ல் ஊரில் பெரிய தீ பிடித்து, இனி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நெருப்பு தாவக் கூடாது என்று தெருத் தெருவாக பீர்ச் மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள், இன்றைக்கும் அந்த மரவரிசைதான் ஊருக்கு அடையாளம். 2022 மே கடைசியில் போய் மூன்று மாதம் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காடு உண்டு. அந்த நாட்டுக் காட்டில் ஏறக்குறைய பாதி தனி ஆட்களுக்குச் சொந்தம், நம் பக்கத்தில் நஞ்சை புஞ்சை மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். முந்தின வருடம் மரம் வெட்டிய இடத்தில் அவர் கன்று நடப் போனபோது என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நாற்றைப் பறித்து நட்டால் முதலில் வயலே மஞ்சளாகச் சோர்ந்து நிற்கும். ஒரு வாரம், பத்து நாளில் புது வேர் இறங்கிப் பச்சை பிடிக்கும். அதுவரைக்கும் என் அப்பா நடவு முடிந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டார். கேட்டால், "இன்னும் பச்சை பிடிக்கலையே" என்பார். அந்தப் பெரியவரிடம் நான் பார்த்தது அதே கவலைதான். நெல்லுக்குப் பத்து நாள் என்றால், அங்கே பைன், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரங்களுக்குப் பல வருடம்.

ஏன் அவ்வளவு நாள் என்று நானும் கேட்டேன். குளிர்காலத்தில் கன்று உறைந்து செத்துவிடும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். அந்த மரங்கள் குளிருக்குப் பழகினவை, அதற்கு ஈடுகொடுத்துவிடும். சிக்கல் கோடையின் தொடக்கத்தில்தான். ஜூன் மாதம் மேலே ராத்திரி முழுக்க வெளிச்சம், நான் திரைச்சீலை போட்டுத்தான் தூங்கினேன். ஆனால் தரையில் பாசியும் மக்கிய ஊசியிலையும் மெத்தை மாதிரி மூடியிருப்பதால் அடியில் மண் இன்னும் ஜில்லென்று கிடக்கும். கையை நுழைத்துப் பார்த்தேன், ஐஸ்பெட்டிக்குள் விட்ட மாதிரி இருந்தது. மேலே ஊசியிலைகள் நீரை விட்டுக்கொண்டே இருக்கின்றன, கீழே வேர் குளிரில் மரத்துப்போய் நகரமாட்டேன் என்கிறது. பக்கத்திலேயே ஈரம் இருந்தும் கன்று காய்ந்து போகிறது. நாற்றங்காலிலிருந்து வந்த வேர்க்கட்டி புதுமண்ணோடு ஒட்டுகிற வரைக்கும் இந்தக் கண்டம் உண்டு.

அதனால் நடுவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. இயந்திரத்தை விட்டு அந்தப் பாசி மெத்தையை அப்படியே தலைகீழாகப் புரட்டி, மேலே அடிமண்ணைக் கொட்டிச் சின்னச் சின்ன மேடுகளாகப் போடுகிறார்கள். நம் மேட்டுப்பாத்தி மாதிரிதான். மேடு சீக்கிரம் சூடாகும், தண்ணீர் தேங்காது, புல் ஏறி வந்து கன்றை அமுக்க நாளாகும். வேர் கீழே இறங்கும்போது புரட்டிப் போட்ட மக்கு அங்கே தயாராகக் காத்திருக்கும். ஹெக்டேருக்கு 2,000 கன்று, சில இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட. ஏக்கர் கணக்கில் பார்த்தால் 800க்கு மேல் வரும்.

நடுவதை நான் கிட்ட நின்று பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய், கீழ்முனை பறவை அலகு மாதிரிக் கூர்மையாக மூடியிருக்கும். அதை மேட்டில் குத்தி, காலால் ஒரு மிதி மிதித்தால் அலகு மண்ணுக்குள்ளேயே விரியும். இடுப்புக் கூடையிலிருந்து ஒரு கன்றை எடுத்துக் குழாயின் மேல்வாயில் போட்டால் வேர்க்கட்டியோடு நேராகப் போய் உட்காரும். குழாயைத் தூக்கிவிட்டு, பூட்ஸ் குதிகாலால் பக்கத்து மண்ணை அழுத்துகிறார். அப்புறம் குனிந்து, கன்றின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார். வந்துவிட்டால் மறுபடி நடவு. தேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு 2,000 கன்றுகூட நடுவாராம், ஆனால் அந்த ஒரு இழுப்பை விடக் கூடாது என்றார் பெரியவர். காற்று புகுந்த குழியில் வேர் மண்ணைத் தொடாது, தொடாத வேர் குடிக்காது.

ஒரு கன்றை என் கையில் கொடுத்தார். ஒரு சாண் இருக்கும். தண்டைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. கேட்டால், பசையும் நுண்மணலும் பூசியிருக்கிறதாம், கூன்வண்டுக்காக. நம் தென்னையைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டு போல அங்கே பைனுக்கு ஒன்று இருக்கிறது. வெட்டின மரத்தின் பிசின் வாசனைக்குப் பறந்து வந்து, அடிக்கட்டை வேர்களில் முட்டையிட்டு, நட்ட கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்றுவிடும். பட்டை முழு வளையமாகப் போனால் கன்று அவ்வளவுதான். முன்பெல்லாம் பூச்சிமருந்து அடித்து நட்டவர்கள் இப்போது இந்த மணல் பூச்சுக்கும் மெழுகுப் பூச்சுக்கும் வந்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று: மேட்டில் கன்றைச் சுற்றி ஒரு சாணுக்கு வெறும் மண்ணாக இருந்தால் வண்டு அங்கே நின்று மேய்வது குறைவு, பெரும்பாலும் கடந்து போய்விடும். மண்ணைச் சூடாக்கப் போட்ட மேடே வண்டுக்கும் காவல்.

மேடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. வண்டல் மாதிரி நுண்ணிய மண்ணாக இருந்தால் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் ஈரம் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, ஒவ்வொரு தடவையும் கன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். விழப்போகிற பால்பல்லைப் போல வேர்க்கட்டி வெளியே வந்து நிற்கும். பள்ளத்தில் நட்டால் இரவில் குளிர்காற்று அங்கே வந்து தேங்கி, ஜூன் மாதத்திலேயே ஸ்ப்ரூஸின் புதுத் தளிரைக் கருக்கும், அதனால் அந்த இடங்களில் சில பெரிய மரங்களை வெட்டாமல் குடையாக விட்டுவைப்பதும் உண்டு. பனிக்கு அடியில் எலி பட்டையைக் கொறிக்கும், கொஞ்சம் வளர்ந்தால் மூஸ் என்கிற பெரிய மான் வந்து பைனின் நுனியைக் கடிக்கும். விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுகூட முக்கியம். தெற்கு விதையில் வந்த கன்று, வடக்கில் நாள் குறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளாமல் தளிர்த்துக்கொண்டே இருந்து முதல் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் தப்பு செய்து, காடு காடாகக் கன்றுகளை இழந்து அவர்கள் கற்றுக்கொண்டது.

சட்டமும் இருக்கிறது. மரம் வெட்டினவர் மறுபடி காடு வளர்த்தே ஆக வேண்டும் என்று சுவீடனில் 1903லேயே எழுதிவிட்டார்கள். நட்டதோடு கடமை தீர்ந்தது என்று விடமாட்டார்கள், மண்ணின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு இத்தனை கன்று உயிரோடு நிற்க வேண்டும், குறைந்தால் செத்த இடத்தில் மாற்றுக்கன்று வைக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1987லிருந்து, வெட்டின நிறுவனமே தன் செலவில் நட்டு, புல்லையும் புதரையும் தாண்டிக் கன்று தானாக வளரும் நிலைக்கு வருகிறவரை பொறுப்பு சுமக்க வேண்டும்.

உயிரோடு இருப்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் பார்த்தேன், அதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். நடவு முடிந்து சில நாள் கழித்து அந்தப் பெரியவர், மூன்று வருடத்துக்கு முன்னால் நட்ட இன்னொரு துண்டுக்கு எங்களை அழைத்துப் போனார். கையில் ஒரு கயிறு, அதன் நீளம் 3.99 மீட்டர். ஒரு குச்சியை ஊன்றி, கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். அந்த வட்டத்துக்குள் உயிரோடு, நல்ல நுனியோடு இருக்கிற கன்றுகளை மட்டும் எண்ணினார். ஒன்பது. அந்த வட்டத்தின் பரப்பு சரியாக 50 சதுர மீட்டர், அதனால் 200ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் கணக்கு, 1,800. இருபது அடி தள்ளி அடுத்த வட்டம். அங்கே ஐந்துதான். அவர் முகம் மாறிவிட்டது. சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார், ஈரம் தேங்குகிற இடம் என்று காரணத்தையும் எழுதினார். அந்த மரங்களை வெட்டும் பருவம் வர எண்பது, நூறு வருடம் ஆகும். அவர் இருக்கமாட்டார் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஐந்து என்று எழுதும்போது அந்த மனுஷர் வருத்தப்பட்டார்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

2016 டிசம்பர் 12ம் தேதி வர்தா புயலில் எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் நிழல் கொடுத்த தூங்குமூஞ்சி மரங்கள் எல்லாம் ஒரே மதியத்தில் விழுந்தன. அடுத்த வருடம் ஜூன் 5ம் தேதி, சுற்றுச்சூழல் நாள் என்று, ஒரு அமைப்பு வந்து 48 கன்று நட்டது. பந்தல், ஒலிபெருக்கி, மோர் எல்லாம் உண்டு. நாங்களும் சந்தோஷமாகத்தான் நின்றோம். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கடப்பாரையால் குத்தினால் மண் செங்கல் மாதிரிச் சில்லுசில்லாகப் பெயர்ந்தது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே மண் எப்போது இளகுகிறதோ அதைப் பார்த்து நடுகிறார்கள், நாம் நாள்காட்டியைப் பார்த்து நடுகிறோம். ஜூனில் நட்ட கன்றுக்கு நாலு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகஸ்டில் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த மகிழங்கன்று காய்ந்துவிட்டது. பிடுங்கினேன். கருப்பு பாலிதீன் பையோடு வந்தது! பையைக் கிழிக்காமலேயே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து கத்தரிக்கோலால் பையை வெட்டிப் பார்த்தேன். வேர் பையின் உள்சுவரைச் சுற்றிச் சுற்றி, இடியாப்பப் பிழிசல் மாதிரி வட்டமாகச் சுருண்டு கிடந்தது. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. சுவீடனில் 1970களில் காகிதச் சட்டியோடு நட்ட பைன்களில் இந்த மாதிரி வேர் சுருண்டு, மரம் வளர்ந்த பிறகு காற்றுக்குச் சாய்ந்திருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் நாற்றங்கால் சட்டியின் உள்பக்கம் வேரைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிற வரிகளையும், பக்கத்தில் காற்று புகும் துளைகளையும் வைத்தார்கள். புயல் அடிக்கிற ஊரில் இருக்கிற நாம் இந்த விஷயத்தில் அவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா?

48ல் இன்றைக்கு நிற்பது ஆறு. கம்பிக்கூண்டுகள் மட்டும் நன்கொடையாளர் பெயர்ப் பலகையோடு பல வருடம் காலியாக நின்றன. சிலதை மாடு மேய்ந்தது, சிலது மழைநீர் வடிகால் தோண்டியபோது போனது. நிற்கிற ஆறும் எங்கே நிற்கின்றன என்று ஒரு நாள் நடந்து பார்த்தேன். ஒன்று இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், புங்கை, துணிக்குத் தெளித்த மீதித் தண்ணீரை அந்தத் தம்பி தினமும் அதற்கு ஊற்றுவார், இப்போது வண்டிக்கே அதுதான் நிழல். இன்னொன்று டீக்கடை வாசலில், டம்ளர் கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்த பூவரசு. பிள்ளையார் கோயில் முனையில் பூக்காரம்மா, வாளியில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றிய வேம்பு. மற்ற மூன்றும் யாரோ ஒருவர் வீட்டு வாசலை ஒட்டி. ஆள் இல்லாத இடத்தில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை.

நான் பைன் மரத்தை இங்கே நடச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீலகிரியில் சோலையும் புல்வெளியுமாக இருந்த மலைகளில் பைனையும் யூகலிப்டஸையும் வாட்டில் என்கிற சீகை மரத்தையும் நட்டு, இப்போது அவற்றை அகற்றப் பாடுபடுகிறோம். சுவீடனிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரே மரத்தை வரிசை வரிசையாக வளர்த்தால் அது காடாகுமா என்று அங்கேயே பெரிய சண்டை உண்டு. மண்ணைப் புரட்டுவதால் ரெயின்டீர் என்கிற கலைமான் தின்கிற காளான்பாசி அழிகிறது என்று, அந்த மான்களை மேய்க்கிற வடக்குப் பழங்குடிகளான சாமி மக்கள் சொல்கிறார்கள், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தையோ இயந்திரத்தையோ இல்லை. மூன்று வருடம் கழித்துக் கயிறு எடுத்துக்கொண்டு போய் எண்ணுகிற அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கினார்கள், மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது இலக்கு. நல்ல இலக்கு, எனக்கு அதில் முழு நம்பிக்கை வைக்க ஆசை. சென்னையில் 2020லிருந்து கோட்டூர்புரம் தொடங்கிப் பல இடங்களில் மியாவாக்கி என்கிற ஜப்பானிய முறையில் நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் முதல் வருடம் எத்தனை, மூன்றாவது வருடம் எத்தனை என்று வார்டு வாரியாக ஒரு பட்டியல் போட்டு மாநகராட்சி அலுவலக வாசலில் ஒட்டினால் என்ன? செத்தால் செத்தது என்று எழுதட்டும், ஏன் செத்தது என்பதையும் எழுதட்டும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்றாவது கோடையைத் தாண்டி நிற்கிற கன்றுகளை எண்ணிப் பார்த்த பிறகு கொடுக்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மரக்கன்று விழாச் செய்தி வருகிறபோது, விழா நடத்தினவர்களிடம் உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்: மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் நட்டது எங்கே, அதில் எத்தனை பச்சை பிடித்தது? பதில் வந்தால் அதையும் அச்சிடுங்கள். வராவிட்டால் பதில் வரவில்லை என்று அச்சிடுங்கள். அந்த ஒரு வரிக்காகவாவது ஜூன் 5ஐ விட்டுவிட்டுப் புரட்டாசிக் கடைசியில் குழி தோண்டுவார்கள், பையைக் கிழித்துவிட்டு நடுவார்கள்.

எங்கள் தெருவில் வருகிற ஐப்பசிக்கு 12 கன்று வைக்கிறோம். பன்னிரண்டுதான், ஏனென்றால் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். இஸ்திரித் தம்பி இரண்டாவது மரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். மூன்றாவது வருடம் அந்தக் கணக்கை, போனதையும் சேர்த்து, உங்களுக்கு அனுப்புவேன். அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை